மாவு மில்லுக்கு எதிரே மாஜுலி

வானம் என்பது வெயில் வந்து போவதற்கான வழி என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த வெயிலுகந்தபுரத்தில், ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, மாவு மில் சீனிராஜ் வீட்டில் மட்டும் மழை பெய்யத் தொடங்கியது. வீட்டின் மேல் என்று சொன்னால் அது தப்பு. ஓட்டுக்கு மேலேயும் பெய்தது, ஓட்டுக்குக் கீழேயும் பெய்தது, அடுப்படியில் பெய்தது, சாமி படத்துக்கு முன்னால் பெய்தது, கட்டிலில், பீரோவில், கொடியில் கிடந்த வேட்டியில் என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் பெய்தது. வாசற்படிக்கு இந்தப் பக்கம், தெருவில் விரித்திருந்த சாக்கின் மேல் காய்ந்துகொண்டிருந்த மிளகாய் வற்றலில் ஒன்றுகூட நனையவில்லை.

சீனிராஜின் மனைவி ஜெயக்கொடி அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த மில்லைப் பார்த்து, "ஏங்க, வீட்டுக்குள்ள மழ பெய்யிது" என்று கத்தினாள். மிளகாய் நெடியில் கண் சிவந்து நின்ற சீனிராஜ், மோட்டார் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "கொடியில கெடக்க துணிய எடு" என்றார். அவ்வளவுதான் அன்று அதைப் பற்றி அந்த வீட்டில் நடந்த பேச்சு.

பேருக்குத்தான் அவர் சீனி. ஆள் அவர் அரைக்கிற வற்றலைவிடக் காரம். எங்கள் தெருவில் அவரிடம் நேருக்கு நேர் ஒரு விஷயத்தைச் சொல்லித் தப்பித்தவர்கள் குறைவு என்பதால், நாங்கள் எதையுமே அவரிடம் நேராகச் சொல்வதில்லை. இந்தக் கதையில் நடந்த கோளாறுகளுக்கெல்லாம் எங்களுடைய இந்தக் கோழைத்தனம்தான் காரணம். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறோம்.

அந்தச் செவ்வாய்க்கு இரண்டு நாள் முன்னால் அவர் செபஸ்தியானின் மொபைல் கடைக்குப் போயிருந்தார். நாற்பத்துநாலு வயதில் முதல் முறையாக வாங்கிய தொடுதிரைப் போன், அதில் ஊரே படம் போட்டு, பாட்டுப் போட்டு, பிறந்தநாள் கேக் வெட்டுகிற அந்தச் செயலி. அதைத் திறந்தால் 'உங்களுக்கு அருகில்' என்று ஒரு பக்கம் வரும். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் போடுவதெல்லாம் அதில் தெரியும். சீனிராஜ் போனை மேசையில் வைத்தார்.

"இதுல நம்ம இருக்க எடத்த மாத்த முடியுமாமே?"

"முடியும் அண்ணாச்சி. எந்த ஊருன்னு போடணும்?"

"மாஜுலி."

செபஸ்தியான் நிமிர்ந்தார். "அஸ்ஸாம்லயா? அங்க ஒங்களுக்கு யாரு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மிளகா வெல பாக்கணும்" என்றார் சீனிராஜ். "போட்டுக் குடு. போட்ட பெறகு தானா மாறிராதுல்ல?"

"போன் அணைஞ்சு போனாத்தான் பழையபடி நம்ம ஊருக்கே மாறிரும். சார்ஜ் இருக்கணும், அவ்வளவுதான்."

செபஸ்தியான் அந்த நிமிஷமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரும் எங்கள் தெருதானே.

மாஜுலி என்பது பிரம்மபுத்திரா ஆற்றின் நடுவில் இருக்கிற தீவு. அந்தப் பெயர் எங்கள் தெருவுக்குள் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை ஒலித்தது. சீனிராஜின் தங்கை அங்காள ஈஸ்வரி, நாங்கள் ஈசு என்போம், ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலைக்கு வேலைக்குப் போனாள்; அங்கே அதே ஷிப்டில் வேலை பார்த்த பிஜோய் என்ற அஸ்ஸாம்காரப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு, மாலையோடு எங்கள் தெருவுக்கு வந்து நின்றாள். அந்தப் பையன் நடுங்கிக்கொண்டே, தெரிந்த தமிழில், "ஊர் மாஜுலி. நடு ஆறு" என்றான். அப்பா அம்மா இல்லாத வீட்டில், தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவளைத் தொட்டிலில் போட்டு ஆட்டியதிலிருந்து மில் வேலைக்குப் பஸ் ஏற்றிவிட்டது வரை எல்லாம் செய்த அண்ணன் சீனிராஜ். அவர் வாசற்படியில் நின்று பார்த்தார். பையனை அவர் ஒன்றும் சொல்லவில்லை. "இத்தன பேருக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்கு ஒரு வார்த்த சொல்லல" என்று தங்கையைப் பார்த்துச் சொன்னார். பிறகு, "இந்த வாசப்படிய நீ இனிமே மிதிக்கக் கூடாது" என்றார்.

"மிதிக்கல" என்றாள் அவள். அதே ரத்தம், அதே வீம்பு. கையில் இருந்த தூக்குவாளியோடு மட்டும் திரும்பிப் போனாள்.

அவர் சொன்னது உண்மை. அவள் காதல் எங்கள் எல்லாருக்கும் முன்னாலேயே தெரியும். அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் பேரை எடுத்தால் அவர் சாப்பிடுவதில்லை என்று ஆயிற்று. ஒரு முறை ஜெயக்கொடி வாய் தவறி, "ஈசு இருந்தா இந்தக் கொழம்ப விரும்பிச் சாப்பிடும்" என்று சொல்லிவிட, மூன்று நாள் வெறும் தண்ணீர் குடித்தே மில்லை ஓட்டினார். ஆனால் ஒன்பது வருஷம் என்பது பெரிய காலம். தங்கையைத் தேடிப் போகக் கூடாது, போன் நம்பர் கேட்கக் கூடாது, பேரைப் போட்டுத் தேடக் கூடாது, அதெல்லாம் அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். ஆனால் அவளுடைய ஊரில் பக்கத்து வீட்டுக்காரனைப் போல ஓரமாக இருந்தால், அவளாகவே வந்து கண்ணில் பட்டால், அது அவர் குற்றமில்லை. இப்படி ஒரு சந்து கண்டுபிடிப்பதற்கு அந்த மனுஷனுக்கு ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

அப்படித்தான் போன் மாஜுலிக்குப் போயிற்று, மாஜுலியின் மழை வீட்டுக்கு வந்தது. முதல் வாரம் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாத்தூர் சந்தைக்குப் போனார். பஸ்ஸுக்குள் அவர் உட்கார்ந்த சீட்டில் மட்டும் தூறியது, கண்டக்டர் டிக்கெட்டை நனையாமல் கொடுக்க ரொம்பச் சிரமப்பட்டார். போன் நடந்தால் தலையளவு மழை, போன் வீட்டில் கிடந்தால் வீட்டளவு மழை என்று புரிந்துகொண்டு, அன்றிலிருந்து அதை வீட்டிலேயே விட்டுவிட்டார்.

எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் பதினோரு நாளைக்கு ஒரு முறை வரும். ஆகவே ஆச்சரியப்பட நேரமில்லை, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வார்டு மெம்பர் வேலுத்தாய் வந்து வரிசை போட்டுக் கொடுத்தார். வீட்டுக்குப் பத்துக் குடம், விசேஷ வீடு என்றால் இருபது. அந்த மழையில் ஒரு விசேஷம், வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டுத் தானாக வெளியே வராது. கோரி எடுத்து வந்தால்தான் உண்டு. காலையில் குடக்காரர்கள் போனதும் துணி துவைக்கிறவர்கள் வந்தார்கள், வேர்க்குரு வந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள் குடையோடு வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வெயிலுகந்த அம்மன் கோயில் பூசாரி, அம்மனுக்கு இது பிடிக்குமோ பிடிக்காதோ என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் அபிஷேகத்துக்கு இரண்டு குடம் வேண்டும் என்று வந்து வரிசையில் நின்றார். டீக்கடை கோபால்சாமி அந்தத் தண்ணீரில் போட்ட டீ நன்றாக இருந்தது என்பதை அவருடைய எதிரிகளே ஒத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் வெளிச்சமும் அந்த ஊர்க் கணக்குப்படிதான் வந்து போயிற்று. நாங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அங்கே விடிந்துவிடும். தெருவில் இன்னும் வெயில் காயும்போதே அங்கே விளக்குப் போட வேண்டும். சுவரில் பாசி பிடித்தது. உரல் குழியில் விரல் நீள மீன்கள் இரண்டு சுற்றிச் சுற்றி வந்தன. ஜெயக்கொடி அடுப்புக்கு மேலே தார்ப்பாய் கட்டி, புடவையைத் தூக்கிச் செருகி, சளி பிடிக்காமல் இருக்க மிளகு ரசம் வைத்துக் குடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் குடும்பம் நடத்தினாள். அவளும் எங்களில் ஒருத்திதான். அவளுக்கும் மனசு உறுத்தியது.

ஏனென்றால் சீனிராஜ் தினமும் மில்லைப் பூட்டிவிட்டு வந்து, மழைக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனுமாக உட்கார்ந்து, மாஜுலியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பது நாளில் அந்தத் தீவில் யார் யார் என்பது அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. முகமூடி செய்கிற ஒருவர், வாத்து வளர்க்கிற ஒரு வாத்தியார், தறி நெய்கிற அக்காதங்கைகள், படகுக்காரன், படகுக்காரனுக்குப் பெண் தர மறுக்கிற மாமனார் வரை தெரிந்துவிட்டது. ஈசுவைத்தான் காணோம். ஒரு படத்தின் ஓரத்தில்கூட அவள் சேலை நுனி தெரியவில்லை.

அவர் இளைத்துப் போனார். "என்னத்தங்க அப்படித் தேடுறீக?" என்று ஜெயக்கொடி கேட்டால், "மிளகா வெல" என்பார். ஆனால் ஒரு நாள் மில்லில் பெல்ட் மாட்டிக்கொண்டிருக்கும்போது, யாரிடம் என்றில்லாமல், "ஒருத்தர் கண்ணுல நாம படக் கூடாதுன்னா இந்தப் போன்ல தடுத்து வச்சிரலாமாமே" என்றார். இன்னொரு நாள், "ஒருத்தர் உசுரோட இருக்காகளா இல்லையான்னு இது சொல்லுமா?" என்று கேட்டார். நாங்கள் தலையைக் குனிந்து மாவுச் சல்லடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறோம். ஈசுவை எங்களுக்குத் தெரியும். அவள் முற்றம் தெரியும், அவள் மூங்கில் வேலி தெரியும், அவள் மகள் மிதாலிக்கு முன்பல் விழுந்த தேதி தெரியும். நாலு வருஷமாக அவள் எங்கள் எல்லார் போனிலும் 'உங்களுக்கு அருகில்' வந்துகொண்டிருந்தாள். ஏனென்றால் அந்தச் செயலியில் சேர்ந்த அன்றே அவள் தன் இருப்பிடத்தை வெயிலுகந்தபுரம் என்று மாற்றி வைத்துவிட்டாள். "அண்ணன் கால்தான வைக்கக் கூடாதுன்னுச்சு, கண்ணு வைக்கக் கூடாதுன்னு சொல்லலயே" என்று ஜெயக்கொடிக்கு எழுதியிருந்தாள். எங்கள் கல்யாணங்களையும் எங்கள் கோயில் கொடை விழாவையும் எங்கள் சண்டைகளையும் அவள் அங்கிருந்து பார்த்தாள். அவள் முற்றத்தில் எப்போது பார்த்தாலும் எங்கள் ஊர் வெயில் போலவே வெள்ளையாக வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அக்கம்பக்கத்து அஸ்ஸாம்காரிகள் மீன் காயப்போடவும் துணி காயப்போடவும் அங்கே வருவார்கள். அதை நாங்கள் போனில் செய்கிற ஏதோ அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டோம். வெயில் இங்கிருந்து அங்கே போய்க்கொண்டிருந்தது. மழைக்குத்தான் இங்கே வர வழியில்லாமல் இருந்தது, அதை அண்ணன் திறந்துவிட்டார்.

ஆக, தங்கை அண்ணன் ஊரில் இருந்தாள், அண்ணன் தங்கை ஊரில் இருந்தார், இருவரும் ஒருவரை ஒருவர் காணாமல் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் போனைத் தொடாமல் வைத்திருந்தாலே முதல் நாளே அவள் முகம் வந்திருக்கும். இதைப் போய் யார் அவரிடம் சொல்வது? நீ போய்ச் சொல், நீ போய்ச் சொல் என்று நாற்பது நாளும் நாங்கள் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தோம்.

ஆடி பிறந்து எங்கள் தெருவில் காற்று புழுதியை வாரிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டில் மழை பலத்தது. முதல் நாள் கணுக்கால் அளவு. மறுநாள் காலையில் முழங்காலைத் தாண்டிவிட்டது. தெளிந்த மழைத் தண்ணீராக இருந்தது, செம்மண் கலங்கிய ஆற்று வெள்ளமாக மாறியது. ஆகாயத்தாமரை மிதந்து வந்தது, வாழைமரத் தண்டு வந்தது, ஒரு மூங்கில் முக்காலி வந்தது, மூன்று முட்டைகளை அடைகாத்தபடியே ஒரு வாத்து கூடையோடு வந்து சாமி படத்துக்குக் கீழே நின்றது. ஜெயக்கொடி அதற்குக் கொஞ்சம் குருணை போட்டாள். மின்சார வாரியத்து ஆள் வந்து வீட்டுக்குப் போகிற இணைப்பைத் துண்டித்தார். பின்பக்க அறையின் மண்சுவர் ஊறி விரிசல் விட்டது.

ஜெயக்கொடியின் போனில் இரண்டு நாளாக ஈசுவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கூப்பிட்டால் மணி அடிக்கவில்லை. அவள் அதை யாரிடமும் சொல்ல முடியாமல், இடுப்பளவு ஏறிக்கொண்டிருந்த தண்ணீரில் நின்று, புருஷனைப் பார்த்து முதல் முறையாகக் கத்தினாள்.

"போதுங்க! அந்த எடத்தப் பழையபடி மாத்துங்க. வீடு விழுந்துரும். தேடுனது கெடைக்கலைல்ல, விட்டுருங்க."

சீனிராஜ் போனை எடுத்தார். அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்குப் பாவமாக இருந்தது. நாற்பது நாள் தேடி ஒன்றும் கிடைக்காத மனுஷன். இருப்பிடம் என்ற பக்கத்தைத் திறந்து, பழையபடி மாற்றுவதற்காக விரலைக் கொண்டுபோனார். அப்போது அடுப்படிப் பக்கமிருந்து ஏதோ மிதந்து வந்து அவர் வயிற்றில் மெல்ல முட்டியது.

மூடி போட்ட ஒரு தூக்குவாளி.

எங்கள் பக்கத்தில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டோம். கடைக்காரரே சின்ன மெஷினை வைத்துக் கொர்ரென்று புள்ளி புள்ளியாக எழுதித் தருவார். ஈசு நூற்பாலைக்குப் போன முதல் நாள், நூறு பெண்கள் நூறு தூக்குவாளி கொண்டுவருகிற இடத்தில் தங்கையுடையது தொலைந்துவிடக் கூடாது என்று, சீனிராஜே சாத்தூரில் வாங்கிப் பேரும் ஊரும் வெட்டிக் கொடுத்தது அது. வளையம் மாறியிருந்தது, அடியில் நசுங்கியிருந்தது. எழுத்து அப்படியே இருந்தது: 'ஈசு, வெயிலுகந்தபுரம்.'

அவர் அதை இரண்டு கையாலும் எடுத்துக் கட்டைவிரலால் எழுத்தைத் தடவினார்.

"ஜெயா" என்றார். "இது அவ வீட்டுத் தண்ணி."

ஜெயக்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவ வீட்டுக்குள்ள போக வேண்டிய தண்ணிதான் இங்க நிக்கிது. நான் இத மாத்துனேன்னா அத்தனையும் திரும்ப அவ தலையில போயி விழும்." ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக 'அவ' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது. பிறகு வாசல் பக்கம் திரும்பி எங்களைப் பார்த்துச் சொன்னார். "கோருங்கப்பா. எல்லாரும் கோருங்க."

நாங்கள் கோரினோம். குடம், அண்டா, பெயின்ட் வாளி, சாக்கடை அள்ளுகிற தகரம், கோயில் கொப்பரை என்று எது கிடைத்ததோ அதை எடுத்துக்கொண்டு, வீட்டிலிருந்து வறண்டு கிடந்த ஊருணி வரைக்கும் இரண்டு வரிசையாக நின்று, கை மாற்றிக் கை மாற்றி ஊற்றினோம். வாய்க்கால் தகராறில் பத்து வருஷம் பேசாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று குடம் வாங்கினார்கள். பூசாரி கோரினார், கோபால்சாமி கடையை அடைத்துவிட்டு வந்து கோரினார், பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு அந்தக் கண்டக்டரும் நாலு குடம் கோரினார். வெயில் தலையில், வெள்ளம் இடுப்பில். அவரிடம் இரண்டு முறை மறைத்த பாவத்தை நாங்கள் இப்படித்தான் கழிக்க வேண்டியிருந்தது.

போன் அணையக் கூடாது என்பது இன்னொரு கவலை. சார்ஜ் ஒன்பது சதவீதம்தான் இருந்தது. மில்லிலிருந்து தெருவுக்கு மேலே கம்பு நட்டு ஒயர் இழுத்து, போனைப் பாலிதீன் பையில் சுற்றி, முன்னறை உத்தரத்தில் ஈசுவுக்கு ஒரு காலத்தில் தொட்டில் கட்டிய கொக்கியில் செபஸ்தியான் தொங்கவிட்டார். அதன் சின்ன வெளிச்சத்தை ஜெயக்கொடி நிமிஷத்துக்கு ஒரு தரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டாள். மறுநாள் காலையில் பின்பக்க அறைச் சுவர் இடிந்து விழுந்தது. நாங்கள் திடுக்கிட்டுத் திரும்பினோம். "விழட்டும், நீங்க கோருங்க" என்றார் சீனிராஜ்.

அன்று மதியம் மூன்று மணி இருக்கும். கோரக் கோர ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் கொஞ்சம் இறங்கி முழங்காலுக்கு வந்திருந்தது. வேலுத்தாயின் இடுப்பில் செருகியிருந்த போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தவர் தன்னை மறந்து, "ஏட்டி, ஈசு போட்டிருக்கா!" என்று கூவிவிட்டார்.

வரிசை முழுக்க அப்படியே நின்றது. சீனிராஜ் மெதுவாகத் திரும்பினார்.

"எந்த ஈசு?"

 ஜெயக்கொடிதான் பேசினாள். "நம்ம ஈசுதான்."

"நாப்பது நாளா நான் தேடுறேன், எனக்குத் தெரியல. மெம்பர் போன்ல எப்படித் தெரியுது?"

வேலுத்தாயே சொன்னார். "அண்ணாச்சி, அவ நாலு வருசமா நம்ம ஊர்லதான் இருக்கா. இருப்பிடம் வெயிலுகந்தபுரம்னுதான் போட்டு வச்சிருக்கா. நீங்கதான் மாஜுலிக்குப் போயிட்டீக."

அவர் அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்தார். தண்ணீர் நெஞ்சு வரைக்கும் வந்தது. தூக்குவாளி மடியில் இருந்தது.

"ஒங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும் அண்ணாச்சி."

"அன்னைக்கும் தெரியும்."

"தெரியும்."

அவர் எங்களை அடித்திருந்தால்கூடச் சரியென்று வாங்கியிருப்போம்.  "நான் அப்படிப்பட்ட ஆளா இருந்திருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு கையை நீட்டினார். "காட்டு."

சுற்றிலும் பழுப்பு வெள்ளம், பாக்கு மரங்களும் கூரை உச்சிகளும் மட்டும் வெளியே. நடுவில் மூங்கில் வேலிக்குள் ஒரே ஒரு முற்றம் காய்ந்து கிடந்தது, எங்கள் கரிசல் மாதிரியே வெடித்துக் கிடந்தது. அதில் ஐம்பது அறுபது பேர், மாடுகள், ஆடுகள், மூட்டைகள். ஒரு பாயில் மிளகாய்கூடக் காய்ந்துகொண்டிருந்தது. மேலே எங்கள் வெயில். ஈசு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசினாள்.

"எல்லாரும் நல்லாருக்கோம். ரெண்டு நாளா இங்க டவர் இல்ல. ஊரே முங்கிருச்சு, நம்ம முத்தத்துல மட்டும் நம்ம ஊரு வெயிலு அடிக்கிது, எல்லாரும் இங்கதான் இருக்காக. மொத நாளு இங்கயும் தண்ணி வரத்தான் செஞ்சுச்சு. அப்புறம் யாரோ நின்னு கோரி ஊத்துற மாதிரி கொறஞ்சு போச்சு. என் தூக்குவாளிதான் போயிருச்சு, அது ஒண்ணுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

சீனிராஜ் அதை மூன்று தடவை பார்த்தார். முகத்தில் வழிந்தது மழையா கண்ணீரா என்று எங்களுக்குச் சந்தேகமே இல்லை, அழுதார். தெரு பார்க்க அழுதார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். "இன்னும் முழங்காலளவு கெடக்கு. என்ன வேடிக்க? கோருங்க."

வேலுத்தாய் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். தண்ணீருக்குள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு சீனிராஜ் உட்கார்ந்திருந்ததை யாரோ எடுத்திருந்த படத்தை, ஈசுவின் பதிவுக்குக் கீழே, ஒரு எழுத்துகூட எழுதாமல் போட்டுவிட்டார்.

பத்தாம் நாள் பகல் பதினோரு மணி பஸ்ஸில் ஈசு வந்து இறங்கினாள். வெள்ளம் வடிந்து, நாலு நாள் ரயிலில் உட்கார்ந்து, பிஜோயும் அவர்கள் மகள் மிதாலியும் ஒரு பையுமாக. மில்லில் பெல்ட் நின்றது. தெரு தானாகவே கூடிவிட்டது. வீட்டுக்குள் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது; வாத்துக் குஞ்சுகள் மூன்று முன்னறையில் நடை பழகிக்கொண்டிருந்தன.

அவள் வாசற்படிக்கு ஒரு முழம் இப்பால் வந்து நின்றுவிட்டாள். அதற்கு மேல் கால் எடுத்து வைக்கவில்லை. சீனிராஜ் மில்லிலிருந்து, தலை முதல் கால் வரை மிளகாய்த் தூளாக, தெருவுக்கு வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வாசற்படியைப் பார்த்தார்கள். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குகிற பழக்கம் அந்த வம்சத்திலேயே கிடையாது.  இவ்வளவு தூரம் வந்த பெண் இந்த ஒரு முழத்தில் திரும்பிப் போய்விடுவாளோ என்று பயந்தோம்.

சீனிராஜ் கனைத்தார். "ஜெயா, அந்தப் போன எறக்கு. வெளிய கொண்டாந்துராத. அங்கனயே நின்னு காட்டு."

ஜெயக்கொடி கொக்கியிலிருந்து போனை இறக்கி, வாசற்படிக்கு உள்ளே மழையில் நின்றபடி, தெருவைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தாள்.

"எந்த ஊருன்னு போட்டிருக்கு, வாசி" என்றார் அவர், தங்கையைப் பார்க்காமல்.

ஈசு கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். "மாஜுலி."

"பெறகென்ன? நான் என் வீட்டு வாசப்படியத்தான மிதிக்கக் கூடாதுன்னேன். இது ஒன் ஊரு. ஒன் ஊருக்குள்ள நீ போறதுக்கு யாரக் கேக்கணும்?"

"இப்பயும் வான்னு ஒரு வார்த்த ஒன் வாயில வராதுல்ல?"

"வராது" என்றார். 

ஈசு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியை மிதித்து மழைக்குள் போனாள். பின்னாலேயே பிஜோய், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடுங்கியது போலவே நடுங்கிக்கொண்டு போனான். மிதாலிக்கு எந்தக் கவலையும் இல்லை; பழகின வீடு மாதிரி உள்ளே ஓடி வாத்துக் குஞ்சைத் தூக்கினாள். ஜெயக்கொடி நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள்.

உள்ளே போன ஈசு திரும்பிப் பார்த்தாள். அண்ணன் வெளியே வெயிலில் நின்றிருந்தார். அவருக்கும் அவளுக்கும் நடுவில் அந்த வாசற்படி. இப்போது உள்ளே இருப்பது அவள் ஊர், வெளியே நிற்பது அவர் என்பது எங்களுக்குப் புரிவதற்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு காலை முன்னால் வைத்தவர் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். யாரிடமும் எதற்கும் கேட்டு நின்றே பழக்கமில்லாத மனுஷன், கையைக் கட்டிக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"ஈசு, நான் உள்ள வரலாமா?"

"நான் ஒன்னைய எப்பண்ணே வரக் கூடாதுன்னு சொன்னேன்?" என்றாள் அவள்.

சீனிராஜ் செருப்பைக் கழற்றி வெயிலில் விட்டுவிட்டு மழைக்குள் போனார்.